ஒளி சுழற்றாதது

இரண்டு மதிப்பெண் வினா:
ஒளி சுழற்றும் தன்மையற்ற அமினோ அமிலம் எது?
இருபத்திரண்டு வருஷமாகக் கேட்கிறேன்.
பிள்ளைகளும் எழுதுகிறார்கள், கிளைசின்.
சிலர் கிளிசரின் என்று எழுதுவார்கள்,
அதற்குச் சிவப்பு மையில் ஒரு சுழி.

நடுவில் ஒரு கார்பன்.
ஒரு கையில் அமீன், ஒரு கையில் அமிலம்,
மிச்சமுள்ள இரண்டிலும் வெறும் ஹைட்ரஜன்.
ஆகவே இதற்கு இடக்கை வலக்கை கிடையாது,
கண்ணாடியில் பார்த்தாலும் அதே முகம்தான்
என்று பலகையைத் தட்டிச் சொல்வேன்.
இருபதில் கடைக்குட்டி இது.
நாக்கில் வைத்தால் இனிக்கும் என்பேன்,
வைத்துப் பார்த்ததில்லை.

ஆவுடைதான் முதலில் எண்ணத் தொடங்கினாள்.
முக்கூடல்காரி.
சின்ன வயசிலேயே பீடி சுற்றி
இருபத்தைந்துக்கு ஒரு கட்டு என்று விரல் பழகியவள்.
என் குறட்டை நிற்கிற இடத்தில்
அவள் விரல் தானாக மடங்கும்.
பத்து. பதினைந்து. இருபத்தைந்து.
"ஒரு கட்டு ஆயிட்டு, மூச்சு விடுதியளா இல்லையா?"
விலாவில் ஒரு இடி.
கடமுடவென்று காற்றை விழுங்கி
அடுத்த கட்டுக்குப் புரண்டு படுப்பேன்.

மிச்சத் தூக்கத்தைப் பகலில் தூங்கினேன்.
விடைத்தாள்களின் மேல்.
சமாதானபுரத்தில் பச்சை விழுந்த பிறகும்
பைக்கில் கால் ஊன்றியபடி
(பின்னாலிருந்த ஆட்டோக்காரர் சொன்னது எழுத ஆகாது).
சக ஆசிரியர் வீட்டு மறுவீட்டுப் பந்தியில்
சொதி ஊற்றட்டும் என்று
சோற்றில் குழி பறித்த விரல்களோடு.

ஹைகிரவுண்டில் ஒரு மாடி அறை.
தலையெல்லாம் பசை தடவி ஒயர் ஒட்டிய பையன்
"ஸார், நான் ரஹ்மத்துல்லா. உங்ககிட்ட படிச்சவன்" என்றான்.
எத்தனை மார்க் என்றேன்.
"மத்ததெல்லாம் நல்ல மார்க்தான் ஸார்."

விடிந்ததும் கணக்குச் சொன்னார்கள்:
மணிக்கு நாற்பத்தொரு தடவை.
கனவு வருகிற நேரத்தில் இன்னும் அதிகம்.
திரையில் அந்த இடத்துக் கோடு
நான் கேள்வி கேட்டதும் வகுப்பு கிடக்குமே, அப்படிக் கிடந்தது.

டாக்டர் செலின் விளக்கினார்.
கனவில் ஓடுகிறவன் கட்டிலிலிருந்து எழுந்து
நிஜமாகவே ஓடிவிடக் கூடாது அல்லவா,
அதற்காக மூளைத்தண்டு
நரம்புகளின் மேல் ஒன்றைச் சொட்டும்,
கை கால் அடங்கும்.
உங்களுக்கு நாக்கும் கூடவே அடங்கித்
தொண்டைக்குள் சாய்கிறது.

சொட்டுவது எது என்றேன்.

"கிளைசின் என்கிறார்கள்.
காபாவும் என்கிறார்கள். இரண்டுமே பெரிதில்லை,
வேறு ரசாயனம் என்கிறவர்களும் உண்டு.
சண்டை முடியவில்லை ஸார்.
உங்கள் கழுத்துச் சதையையும் மறக்க வேண்டாம்."

ஒயரைச் சுருட்டிக்கொண்டே
ரஹ்மத்துல்லா சுவரைப் பார்த்துச் சிரித்தான்.

எனக்கு அடிக்கடி வரும் கனவு ஒன்று உண்டு.
ஆற்றில் வெள்ளம், குறுக்குத்துறைக் கோயில் முங்கிக் கிடக்கிறது,
அக்கரைக்கு நீந்துகிறேன்.
உதைக்கிறேன், உதைக்கிறேன்.
கட்டிலில் என் கால் அசைந்ததே இல்லை.
பக்கத்தில் படுத்த ஆவுடைக்கு
இத்தனை வருஷத்தில் ஒரு உதையும் விழவில்லை.
அவளை அப்படிப் பார்த்துக்கொண்டதுதான்
என் தொண்டையிலும் உட்கார்ந்திருந்ததா?
இடக்கை வலக்கை இல்லாத அதை
எந்தக் கை என்று பிடித்துக் கேட்பது?

இப்போது முகமூடி, குழாய், தலைமாட்டில் ஒரு பெட்டி.
"சைக்கிள் டியூப்ல காத்து போற மாதிரில்லா இருக்கு" என்கிறாள்.
ஆனாலும் ரெண்டு மணிக்கு விழித்துவிடுகிறாள்.
மடங்கப் போன விரல்
மடங்காமல் போர்வையைத் தடவுகிறது.

செவ்வாய்க்கிழமை, சாப்பாட்டுக்குப் பிந்தின பீரியட்.
கடைசி பெஞ்சில் கொம்பையா,
விடியுமுன் தச்சநல்லூர் முழுக்கப் பேப்பர் போடுகிறவன்,
வாய் பிளந்து, கழுத்து மடங்கி.
போன வருஷமாக இருந்தால் சாக்பீஸ் பறந்திருக்கும்.
கையில் அதை வைத்துக்கொண்டே நின்றேன்.
எட்டு. ஒன்பது.
வகுப்பு திரும்பி அவனைப் பார்க்கிறது, என்னைப் பார்க்கிறது.
பதினொன்றில் விட்டான்.

பலகைக்குத் திரும்பினேன்.
இரண்டாவது ஹைட்ரஜன் இன்னும் போடவில்லை.